திருச்சிராப்பள்ளிச் சீமையில் கிடந்த கடல்



பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வையம்பட்டியில் கிணறு வெட்டும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்காமல் விடை கூறுவார். மேலே ஒரு முழம், இரண்டு முழம் செம்மண். அதன் கீழ்ச் சரளை. அதன் கீழ் உளுத்துப்போன பாறை. அதற்கும் கீழே வெடி வைத்தாலன்றி அசையாத கரும்பாறை. எங்கள் ஊரிலும் மணப்பாறைச் சுற்றுவட்டாரத்திலும் இதுதான் நிலத்தின் அமைப்பு. அந்தப் பாறையைப் புவியியலார் நைசு என்பர். பூமியின் ஆழத்திலே பெரு வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் வெந்து, நசுங்கி, வரிவரியாக உருமாறிய பாறை அது. திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே தாயுமானவர் கோயிலைத் தாங்கி நிற்கும் மலைக்கோட்டையும் அந்தப் பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதனை எவ்வளவு உடைத்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. ஓர் இலையின் சுவடும் கிடைக்காது.

அதே கிணறு வெட்டுபவரைக் கொள்ளிடம் கடந்து, சென்னை செல்லும் பெருவழியில் பாடாலூர் வரை அழைத்துச் சென்று, கிழக்கே திரும்பி ஊட்டத்தூருக்கும் காரைக்கும் கூட்டிப் போங்கள். அவருடைய விடை அங்கே செல்லாது. கடப்பாரைக்கு இளகும் மஞ்சள் களிமண் வரும், மணற்கல் வரும், சுண்ணாம்புக்கல் வரும். அவற்றின் நடுவே சிப்பியும், சங்கும், ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்ட கல்லும் வரும். கடற்கரை அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அப்படியிருக்கச் சிப்பி எப்படி வந்தது? இந்த ஒரு வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பாறைகள் மூவகை என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உருகிய குழம்பு ஆறி இறுகியது தீப்பாறை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேற்றுருக் கொண்டது உருமாறிய பாறை. துகள்கள் படிந்து இறுகியது படிவுப் பாறை. பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்காற் பங்கை மூடியிருப்பது படிவுப் பாறையும் இறுகாத படிவுகளுமே. ஆயினும் பூமியின் மேலோட்டுப் பருமனில் அது மிகச் சிறு பங்கு. சாதத்தின் மேல் வார்த்த நெய் போல் பரப்பு பெரிது, கனம் சிறிது. ஆனால் பூமியில் வாழ்ந்த உயிர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த மெல்லிய போர்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

படிவு எப்படி உண்டாகிறது என்பதைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. இடையிலே கிடக்கும் திட்டுத்தான் ஸ்ரீரங்கம். அந்தத் தீவு முழுவதும் ஆறு கொண்டுவந்து இட்ட வண்டலும் மணலுமே ஆகும். வெயிலும் மழையும் மேட்டு நிலத்துப் பாறையை அரிக்கின்றன. எங்கள் வையம்பட்டிக் கரும்பாறையும் இந்த அரிப்புக்குத் தப்புவதில்லை. பொன்னணியாறும் பிற காட்டாறுகளும் தம்மால் இயன்ற அளவு அதைச் சுரண்டிக் கொடுக்கின்றன. அவ்வாறு பெயர்ந்த துகள் நீரோடு பயணப்படுகிறது. நீரின் வேகம் தளரும் இடத்தில் அது இறங்கிவிடுகிறது.

எது முதலில் இறங்கும்? அரிசி களைந்தவர்களுக்கு இது தெரியும். கல் அடியில் தங்கும். நொய் அதன்மேல் நிற்கும். மாவு கலந்த வெண்ணீர் நெடுநேரம் தெளியாது. ஆற்றிலும் இதுவே நியதி. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஓர் ஆள் ஆழமுள்ள அசையாத நீரில் சில விநாடிகளில் அடியைத் தொட்டுவிடும். ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கேயுள்ள களிமண் துகளோ, அதே ஆழத்தை இறங்கிக் கடக்க ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்துக்கொள்ளும். நுண்துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் காற்பங்காகக் குறைந்துவிடுகிறது என்பது கணக்கு. ஆகவே கூழாங்கல் கிடக்கும் இடம் வெள்ளம் விரைந்த இடம். மணல் கிடக்கும் இடம் நீர் நடந்த இடம். களிமண் கிடக்கும் இடம் நீர் உறங்கிய இடம். பின்னொரு காலத்தில் இவை இறுகிக் கல்லானாலும் இந்த வேறுபாடு அழிவதில்லை. கூழாங்கல் திரள்பாறை, மணற்கல், களிப்பாறை என்று நாம் பெயர் வைக்கும்போது, பெயரோடு நீரின் வேகத்தையும் சொல்லியவர்களாகிறோம்.

மணல் எப்படிக் கல்லாகும் என்று நீங்கள் கேட்கலாம். மேலே மேலே படிவு சேரச் சேர, கீழுள்ளது நெருங்குகிறது. துகளிடையே ஊறும் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்போ, மணற்சத்தான சிலிக்காவோ, இரும்புத் துருவோ சாந்தாக நின்று துகளோடு துகளை ஒட்டுகிறது. கொத்தனார் செய்வதையே நீர் செய்கிறது, காலம்தான் அதிகம்.

எல்லாப் படிவும் இப்படி அரித்து வந்த துகளே என்று கருதவேண்டாம். சிப்பியும் பவளமும் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்து உடலுக்கு வீடு கட்டுகின்றன. அவை இறந்தபின் வீடுகள் குவிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. உவர்நீர் வற்றும்போது ஜிப்சமும் உப்பும் படிகின்றன. சதுப்பில் வீழ்ந்த மரங்கள் நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரியாகியுள்ளன. படிந்த பொருளைக் கொண்டே படிந்த இடம் எத்தகையது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓரளவு என்று நான் கூறியதை நினைவில் வையுங்கள். அதற்கான காரணத்தைக் காரையில் சொல்கிறேன்.

இனி ஊட்டத்தூர்ப் பக்கம் போவோம். நம் நாடு, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியன ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக இருந்தன. அதற்குக் கோண்டுவானா என்று பெயர். அது பிளவுபட்டபோது நம் கிழக்குக் கரை ஓரமாக நிலம் விரிசல் கண்டு தாழ்ந்தது. அந்தத் தாழ்விலே முதலில் ஆறும் ஏரியும் படிவை நிரப்பின. பின்னர்க் கடல் உட்புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சிலமுறை முன்னேறியும் சிலமுறை பின்வாங்கியும், 6 கோடி ஆண்டுகள் சொச்சத்துக்கு முன்பு வரை கடல் இந்தச் சீமையில் ஆடிய ஆட்டம் இன்று பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலே பாறைகளாகக் கிடக்கிறது.

இந்தப் பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகையால் மேற்கே பழம்பாறையை ஒட்டி நிற்பவை மூத்தவை. கிழக்கே செல்லச் செல்ல இளையவை. 1669ஆம் ஆண்டில் ஸ்டெனோ என்ற அறிஞர், கலைக்கப்படாத அடுக்குகளில் அடியிலிருப்பதே மூத்தது என்று எழுதினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சாணித்தாள் கட்டைச் சற்றே சரித்துவிட்டால் ஒவ்வொரு தாளின் ஓரமும் வெளியே தெரியுமல்லவா? அதுபோல மேற்கிலிருந்து கிழக்காக நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் காலத்தில் முன்னேறுகிறான். மாணவர்களோடு மிதிவண்டியில் ஒரு பகலில் ஐந்து கோடி ஆண்டைக் கடக்கலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வெயிலும் மிதிவண்டியும் ஒத்துழைக்கவேண்டும்.

முதல் தாள் தெரணி. அங்கே வெள்ளைக் களிமண் வெட்டியெடுக்கிறார்கள். அந்தக் களியைத் தகடு தகடாகப் பிளந்தால் இலைச் சுவடுகள் கிடைக்கும். டைலோபில்லம் என்று தாவரவியலார் பெயரிட்ட, சைக்காஸ் ஓலையை ஒத்த இலைகள் அவை. மென்மையான இலை கிழியாமல் படிவதென்றால் அங்கே அலை இருந்திருக்கமுடியாது. அமைதியான நன்னீர், அருகிலே மரங்கள் அடர்ந்த கரை. ஆக, தெரணியில் படிந்தது கடலன்று.

அடுத்தது ஊட்டத்தூர்த் தொகுதி. இங்கேதான் கடல் வருகிறது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் கடற்பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டுகள் இருந்தன. பவளத்துக்கு வெதுவெதுப்பான, ஆழமற்ற, கலங்காத நீர் வேண்டும். பாசிக்குச் சூரிய ஒளி வேண்டும். ஆகவே அந்தப் பவளத்திட்டுகளின்மேல் நின்ற கடல் தெளிந்தும் ஆழம் குறைந்தும் இருந்தது என்று துணிந்து கூறலாம். 1939ஆம் ஆண்டில் அங்கே சிமெண்டு ஆலை நிறுவப்பட்டதற்கும், 1953இல் ஊர்ப் பெயருக்காக நிகழ்ந்த கிளர்ச்சி வரலாற்றில் இடம்பெற்றதற்கும், அடிப்படையாகக் கிடந்தது இந்தப் பவளம் கட்டிய கல்லே.

காரையில் காட்சி வேறு. மழை நீர் அரித்து அரித்து, புல்லும் முளைக்காத பொட்டல் மேடுகளும் பள்ளங்களுமாக நிலம் விரிகிறது. எங்கும் நுண்ணிய களிப்பாறை. நான் முன்னே சொன்ன நியதிப்படி இது நீர் உறங்கிய இடம். கரையை விட்டு விலகிய, அலையின் கை எட்டாத ஆழம். அந்தக் களியிலே துப்பாக்கித் தோட்டாவைப்போல் நீண்டு கூர்த்த கற்கள் சிதறிக் கிடக்கும். ஒருமுறை அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் கைநிறைய அவற்றைப் பொறுக்கி வந்து, “சார், இது எந்தச் சண்டையிலே சுட்டது?” என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி அது. கணவாயின் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட்டு என்னும் உயிரின் உடலுக்குள்ளே இருந்த கடினப் பகுதிதான் அந்தத் தோட்டா. அதனுடன் கிடைக்கும் சுருள்கல் அம்மோனைட்டு. கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்து நம் வீடுகளிலே பூசிக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டின் படிவமே. பூசையறையில் ஓர் அம்மோனைட்டை வைத்துக்கொண்டு, புத்தகத்தில் அதன் படத்தைக் கண்டு வியப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காரையில் கண்ணைக் கவர்வது இன்னொன்று உண்டு. களியினூடே பளபளவென்று, நார்நாராக, ஜிப்சம் பட்டைகள் ஓடுகின்றன. நான் முதன்முதல் கண்டபோது, “உவர்நீர் வற்றினால் ஜிப்சம் படியும், ஆகவே இது வற்றிய உப்பங்கழி” என்று மாணவர்களுக்கு அழுத்தமாகப் பாடம் சொல்லிவிட்டேன். பிறகு உற்று நோக்கினால், பட்டைகளில் பல அடுக்கின் போக்கிலே படுத்திருக்கவில்லை. அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன. வெட்டுவது வெட்டப்படுவதற்குப் பிற்பட்டதாகத்தானே இருக்கவேண்டும்? களி படிந்து, இறுகி, வெடித்தபின், வெடிப்பிலே நிலத்தடி நீர் கொண்டுவந்து நிரப்பிய ஜிப்சம் அது. அதைக் கொண்டு பழைய கடலின் தன்மையை முடிவு செய்தது என் அவசரம். படிவின் பொருள் மட்டும் சாட்சியாகாது, அது இருக்கும் நிலையும் சாட்சி சொல்லவேண்டும். மறு வாரம் வகுப்பில் என் தவற்றைச் சொல்லித் திருத்தினேன். மாணவர்களுக்கு அந்தப் பாடந்தான் நன்றாக நினைவிருக்கிறது.

ஊட்டத்தூர்த் தொகுதிக்கு மேலே திருச்சிராப்பள்ளித் தொகுதி வருகிறது. கடல் ஆழம் குறைந்தது. மணலும் கூழாங்கல்லும் மிகுந்தன. கருடமங்கலத்துச் சுண்ணாம்புக்கல்லை அறுத்து மெருகேற்றினால், கருநிறத்திலே வெண்சிப்பிகளும் சங்குகளும் நெருங்கப் பதித்த சித்திரம்போல் இருக்கும். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று பெயர்பெற்ற அதனை அழகுப் பொருள்கள் செய்யப் பயன்படுத்தினார்கள். உண்மையில் அது சலவைக்கல்லன்று. சலவைக்கல் உருமாறிய பாறை. இது சிப்பிகளும் சங்குகளும் குவிந்து இறுகிய படிவு.

சாத்தனூருக்கு நீங்கள் சென்றிருக்கலாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று முழுதும் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை அறிவித்தார். அந்தத் துறைக்குப் பிற்காலத்தில் தலைவரான முதல் இந்தியர் அவரே. பூக்கும் மரங்கள் உலகில் ஓங்குமுன் தழைத்திருந்த ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது இந்த மரம். கடற்சிப்பிகள் கிடக்கும் படிவில் மரத்துக்கு என்ன வேலை? கடல் நடுவே அது முளைத்திராது. கரைக் காட்டிலிருந்து வெள்ளம் பெயர்த்துவந்து கடலிலே சேர்த்திருக்கவேண்டும். அங்கே மண்மூடிக் காற்றுப்படாமல் கிடந்து, நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் அணுவணுவாக இடம்பிடித்துக்கொண்டது. காட்டாறு கரைபுரளும்போது நம் கண்முன்னேயே வேரோடு மரங்கள் மிதந்து போகின்றன அல்லவா?

இளைய தொகுதி அரியலூருக்குரியது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் புகழ்பெற்ற கல்லங்குறிச்சியின் பெயரையே அங்குள்ள சுண்ணாம்புக்கல்லும் தாங்குகிறது. கனத்த ஓடுடைய கிரிபியா என்னும் சிப்பிகள் அதிலே படுக்கை படுக்கையாகக் கிடக்கின்றன. அதற்கும் மேலே கல்லமேட்டுப் படிவு. அதில் கடல் இல்லை. கடல் பின்வாங்கிய நிலத்திலே ஆறுகள் இட்ட மணலும் களியும் அது. டைனோசார் எலும்புகள் அங்கே கிடைத்ததில் வியப்பில்லை. நின்னியூரில் மறுபடியும் கடல் வருகிறது. ஆனால் வந்த கடலில் அம்மோனைட்டு ஒன்றுகூட இல்லை! 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு அவையும் உலகெங்கும் அழிந்துபோயின. அவற்றின் உறவான நாட்டிலசு பிழைத்து இன்றும் இந்துமாக் கடலில் வாழ்கிறது. கல்லங்குறிச்சிக்கும் நின்னியூருக்கும் இடையே உலக வரலாற்றின் ஒரு பெரும் அத்தியாயம் முடிகிறது; நம் அரியலூர்ப் பேருந்தோ இதையெல்லாம் அறியாமல் கடந்துபோகிறது.

ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏரிக் களியும், பவளமும், ஆழ்கடற் களியும், கரை மணலும், ஆற்றுப் படிவும் இருப்பதற்குக் காரணத்தை 1894இல் வால்த்தர் என்ற ஜெர்மானிய அறிஞர் தெளிவாக எழுதினார். ஒரே காலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் இடங்களின் படிவுகளே, இடைவெளியின்றிப் படிந்தால், காலப்போக்கில் மேலும் கீழுமாக அடுக்கப்படுகின்றன. காவிரி வாய்க்குச் சென்றால் இன்றே பார்க்கலாம்: ஆற்று மணல், அதை அடுத்துச் சேறு, அதை அடுத்து அலை வாரிய கரை மணல், அதற்கு அப்பால் கடலடிக் களி. கடல் ஒரு முழம் உள்ளே வந்தால் இவை அனைத்தும் ஒரு முழம் நகரும். நேற்று ஆறு இருந்த இடத்தின்மேல் இன்று கரை உட்காரும்.

இவற்றையெல்லாம் முதலில் கண்டவர்கள் யார்? 1840ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாண அலுவலில் இருந்த கேய் என்பவரும் கன்லிப் என்பவரும் புதுச்சேரி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய படிவங்களை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். பின்னர், 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சார்பில், ஹென்றி பிளான்போர்டு இந்த ஊர்களைச் சுற்றி அலைந்து ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற முப்பிரிவு அவர் வகுத்ததே. உலகப் புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயர்கள் ஏறியது அவ்வழியால்தான். அவரே பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். அவரும் உடனிருந்தோரும் சேர்த்த படிவங்களை, மொராவிய நாட்டினரான ஸ்டோலிச்கா ஆண்டுக்கணக்கில் கல்கத்தாவில் இருந்து ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். 1874இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து மீளும் வழியில், முப்பத்தாறு வயதிலே, லடாக்கில் அவர் இறந்தார். மைசூர்ச் சீமையைச் சேர்ந்த எல். ராமராவ், ஜூலியஸ் பியா என்பாருடன் சேர்ந்து நின்னியூரின் பாசிப் படிவங்களைப் பற்றி 1936இல் நூல் எழுதினார்.

பிளான்போர்டின் அறிக்கை வெளிவந்து நூற்றறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் ஆராய்ச்சியாளர் அதனைப் புரட்டுகின்றனர். எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று அவர் எழுதி வைத்திருப்பதே அதற்குக் காரணம்.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் பல ஆண்டுகள் மாணவர்களைக் காரைக்கும் அரியலூருக்கும் அழைத்துச் சென்றேன். அவர்கள் உற்சாகமாகப் பொறுக்கி வந்தவற்றையெல்லாம் பள்ளியின் மரப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்தோம். சிப்பி, சங்கு, தோட்டாக்கல், சுருள்கல் எல்லாம் சேர்ந்து பெட்டி நிறைந்தது. சீட்டு எழுதி ஒட்டவில்லை. “நமக்குத் தெரியாதா?” என்ற எண்ணம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்து பெட்டியைப் பார்த்தார். ஒரு சுருள்கல்லை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது எங்கே எடுத்தது?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மரியாதையாக அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். அது அருமையான படிவமாக இருந்திருக்கலாம். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமற் போனதால் அது வெறும் அழகிய கல்லாயிற்று.

பெரிய இழப்புகளும் உண்டு. கல்லமேட்டிலே கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடற்பல்லி என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கக்கூடும் என்று கருதுவோர் உளர். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துபோயின. இன்று அவை எலும்புதானா, கல்மரமா என்ற ஐயம் எழுந்தாலும் எடுத்துப் பார்த்துத் தீர்க்கப் பொருள் கையில் இல்லை. வரைபடங்களும் விவரிப்புமே மிச்சம்.

இதற்கு எதிர்மாறானதும் நிகழும். 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டை என்று செய்தி பரவி மக்கள் திரண்டனர். புவியியலார் சென்று பார்த்து, அவை முட்டையல்ல, கடற்படிவின் உருண்டைகளே என்றனர். கடலடிச் சேற்றில் அம்மோனைட்டு போன்ற ஓர் உடல் புதைந்தால், அது அழுகும்போது சுற்றியுள்ள நீரின் தன்மை மாறி, சுண்ணாம்புச் சாந்து அதைச் சுற்றியே இறுகும். இழுத்த இழுப்பில் உருண்டை பிறக்கிறது. இங்கேயும் படிந்த இடத்தைக் கேட்டிருந்தால் ஐயம் முன்பே தெளிந்திருக்கும். ஆழ்கடற் களியிலே டைனோசார் முட்டையிடாது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை நாளும் வெட்டி எடுக்கிறார்கள். எடுக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டுச் சுவரிலும் சிமெண்டு இருக்கிறது. சுரங்கம் வெட்டினால்தான் புதிய அடுக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதும் உண்மை. ஆயினும் சூளைக்குப் போன சிப்பியிடம் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. வெட்டுமுன் ஒருவன் நின்று அளந்து, வரைந்து, எழுதிக்கொண்டால் போதும். பாறை போனாலும் பக்கம் நிற்கும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். சாத்தனூரில் கல்மரத்துக்கு வேலியும் பூங்காவும் உண்டு. இரண்டையும் பாருங்கள். கல்மரத்தில் ஒரு சில்லுகூடப் பெயர்க்காதீர்கள்.

பொதுவிடத்தில், உரியவரின் அனுமதியுடன், தளர்ந்து கிடக்கும் சிறு துண்டு ஒன்றை எடுக்க நேர்ந்தால், எடுத்த இடத்திலேயே சீட்டு எழுதுங்கள். ஊர், நாள், ஓடையா மேடா, மண்ணின் நிறம், துகள் பருமனா நுண்மையா, அருகில் வேறென்ன கிடந்தது, அடுக்கில் பதிந்திருந்ததா உதிர்ந்து கிடந்ததா. உதிர்ந்து கிடந்தது மேலிருந்து உருண்டு வந்ததாகவும் இருக்கலாம், அதையும் எழுதுங்கள். சுண்ணாம்பா என்று ஐயமிருந்தால் வீட்டுக்கு வந்து சிறிது பொடியின்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு.

அந்த மரப்பெட்டி பிற்பாடு என் வீட்டுக்கு வந்துவிட்டது; பள்ளியில் இடமில்லை என்றார்கள். சென்ற ஆண்டு ஒரு மழை நாளில் அதைத் திறந்து, ஒவ்வொரு கல்லையும் துடைக்காமல் பார்த்தேன். முன்பெல்லாம் மாணவர்கள் பளபளப்பு வருவதற்காகத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அதனால் பெரும்பாலானவற்றில் ஒட்டியிருந்த மண்ணும் போய்விட்டது. கல்லூரி ஆசிரியர் கையில் எடுத்த அந்தச் சுருள்கல்லின் உட்குழிவில் மட்டும் விரல்நகம் அளவு மஞ்சள் களி ஒட்டிக்கொண்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினேன். மணல் ஒன்றும் இல்லை; நுண்ணிய களி; அதன் விளிம்பில் நார்போல் ஒரு வெள்ளைக் கீற்று, நகத்தால் கீறினால் கீறுபட்டது. ஜிப்சம். ஒரு சீட்டை எடுத்துக் “காரை” என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, அன்றைய தேதியையும் போட்டுக் கல்லோடு கட்டி வைத்திருக்கிறேன்.